பெர்னாண்டோவின் தம்பி

ஒரு மனிதனின் சொந்த ஊரை மாற்ற, ஆறுமுகசாமிக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமானதாக இருந்தது.

2009 ஜனவரி. பெருமாநல்லூரில் அவருடைய பனியன் கம்பெனி. ஜெர்மனிக் குழந்தைகள் தூங்கும்போது போட்டுக்கொள்ள, கரடி பொம்மை அச்சடித்த பைஜாமா அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. முதலாளிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் ஷெல்டன் பெர்னாண்டோ. கொழும்பு பையிங் ஆபீஸ் அனுப்பிய க்யூ.சி. ஜெர்மன்காரன் சார்பில் சரக்கைப் பிரித்துப் பார்த்து, கப்பலேற்றலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர். அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டி கூட கேட்டைத் தாண்டாது.

"ஏனுங்க ஷெல்டன், இன்னைலேர்ந்து நீங்க தூத்துக்குடிங்க" என்றார் ஆறுமுகசாமி.

ஷெல்டனுக்குத் தமிழ் விளங்கும். இருந்தாலும் சந்தேகத்துக்கு மெர்ச்சன்டைசர் சரவணக்குமாரின் முகத்தைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். காதில் விழுந்தது சரிதான்.

"சிலோன்ல சண்டை உச்சத்துல இருக்குது. இங்க பசங்க கொதிச்சுக் கெடக்கறாங்க. போன வாரம் அவிநாசி ரோட்டுல ஒரு லாரிய மறிச்சு, கொழும்பு ஆர்மிக்குத் துணி போகுதுன்னு கண்ணாடிய ஒடச்சுப் போட்டாங்க. டிரைவருக்குத் தலையில தையலு. லாரி எங்க போச்சுன்னு நெனைக்கறீங்க? சேலத்துக்குங்க. உள்ள இருந்தது பூராம் ஜட்டி."

"நான் சிங்கள..." என்று ஷெல்டன் ஆரம்பித்தார்.

"அத உங்க வாயால சொல்லாதீங்க சாமி."

ஒரே பனியனுக்கு மூன்று கம்பெனி லேபிளை மாற்றி மாற்றித் தைத்துப் பழகிய ஊர் அது. மனிதனுக்கு ஒரு லேபிள் மாற்றுவது ஆறுமுகசாமிக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அந்த நேரம் பார்த்து சாம்பிள் பைஜாமாவோடு செக்கிங் சூப்பர்வைசர் ரோஸ்மேரி உள்ளே வந்தாள். திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரி. கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவள்.

"ரோஸ்மேரி, உங்கூருப் பக்கம் பெர்னாண்டோங்கற பேரு உண்டல்லோ?"

"இல்லாமலா சார்? எங்கூர்ல கல்ல விட்டெறிஞ்சா ஒரு பெர்னாண்டோ தலையிலதான் விழும். எங்கம்மையே பெர்னாண்டோ வீடுதான்."

"அப்பறம் என்னுங்க, சோலி முடிஞ்சுது. இவரு உனக்குச் சொந்தம். யாராச்சும் எந்தூருன்னு கேட்டா என்ன சொல்றது? நீயே ஒரு ஊரக் குடு அம்மிணி."

ரோஸ்மேரி யோசித்தாள். "வீரபாண்டியன்பட்டணம்னு சொல்லச் சொல்லுங்க. பேரு நீளம். கேக்குறவன் அதுக்கு மேல எதுவும் கேக்க மாட்டான்."

ஷெல்டன் அதைச் சொல்லிப் பார்த்தார். பாதியில் மூச்சு வாங்கினார். எல்லாரும் சிரித்தார்கள். டீ டம்ளர்கள் காலியாகிவிட்டன.

*

லேபிளைத் தைத்தவர்கள் உள்ளே என்ன துணி என்று கேட்கவில்லை. ரோஸ்மேரி கேட்டாள்.

செக்கிங் டேபிளில் இருவரும் எதிரெதிரே நின்றுதான் வேலை. அவள் பைஜாமாவைப் புரட்டித் தருவாள். அவர் தையலை இழுத்துப் பார்ப்பார். ஷெல்டன் பேசிய தமிழ் அவளுக்கு விசித்திரமாகவும் இருந்தது, கேட்டுப் பழகியதாகவும் இருந்தது. நான் போற, நீ போற, அவன் போற என்று எல்லாருக்கும் ஒரே 'போற'தான். ஆனால் கடல் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் கச்சான், சோழகம் என்று காற்றுகளின் பெயர், அவளுடைய அப்பன் வாயில் வருகிற மாதிரியே வந்து விழும்.

"இந்தத் தமிழ எங்க சார் படிச்சீய?"

"படிக்க இல்ல. வீட்டுல. நாங்க நீர்கொழும்பு. கடலுக்குப் போற ஆள் எல்லாம் அங்க இதுதான் கதைக்கிற. அப்பா ஜெபம் சொன்ன தமிழ்ல. ஸ்கூல் சிங்களம். சர்ட்டிபிகேட் சிங்களம்."

"அப்ப நீங்க தமிழா, சிங்களமா?"

"சிங்களம்" என்றார். யோசிக்கவில்லை. பொய் சொல்லவும் இல்லை.

1983 கலவரத்தில் கொழும்பு பஸ் ஒன்றில் தமிழில் பேசிய ஒருவனுக்கு என்ன நடந்தது என்பதை அவருடைய அப்பா பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்திருந்தார். அன்று வீட்டுக்கு வந்தவர், இனி வாசலுக்கு வெளியே தமிழ் வேண்டாம் என்றார். கொஞ்ச நாளில் வாசலுக்கு உள்ளேயும் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு பிறந்த தம்பி ரொஷானுக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது.

"தம்பி என்ன வேல பாக்காவ?"

ஷெல்டன் கையிலிருந்த நூல் வெட்டும் கத்தரியை டேபிளில் வைத்தார்.

"ஆர்மி."

ரோஸ்மேரி அடுத்த பைஜாமாவை நீட்டவில்லை.

"எங்க இருக்காவ?"

"இப்ப சண்டையில முன்னுக்கு. முல்லைத்தீவு பக்கம். போன் இல்ல. அம்மாவுக்கு கேம்ப்ல இருந்து செய்தி வந்தா, அம்மா எனக்கு போன் அடிக்கிற. அம்மா போன் வந்தா..." அவர் முடிக்கவில்லை.

அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க ரோஸ்மேரி இரண்டே வார்த்தைதான் பேசினாள். ஓகே. ரிஜெக்ட்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்குக் காரணம் இருந்தது. அவள் குடியிருந்த லைன் வீட்டில் நாலு கதவு தள்ளி ஜெயபாண்டி இருந்தான்.

*

ஜெயபாண்டி அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். உசிலம்பட்டிக்காரன். அவன் தேய்த்து மடித்து வைத்தால் பைஜாமாவில் கரடி கூட முறைப்பாக நிற்கும் என்று செக்ஷனில் கேலி பேசுவார்கள். முல்லைத்தீவில் அவனுக்கு யாரும் இல்லை. இலங்கையை அவன் மேப்பில்தான் பார்த்திருக்கிறான். ஆனால் அந்த ஜனவரியில் யாரோ கொடுத்த சி.டி. ஒன்றைத் தன் அறை டி.வி.யில் போட்டு லைன் வீட்டையே கூப்பிட்டுக் காட்டினான். ஆஸ்பத்திரித் தரையில் கிடந்த குழந்தைகள். துணி போர்த்திய வரிசைகள். பக்கத்து அறை ஒச்சாயி பாதியில் எழுந்து போய் வாந்தி எடுத்தாள். ரோஸ்மேரி கடைசி வரை பார்த்தாள்.

"பாத்தீங்களாக்கா? நம்ம சனத்த எப்பிடிக் கொல்றாய்ங்கன்னு பாத்தீங்களா?"

"பாத்தேம்ப்பா."

"இங்க நாம கரடிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கோம்."

அன்றிலிருந்து அவன் சட்டையில் கறுப்பு பேட்ஜ் ஏறியது. உண்ணாவிரதம், மறியல், ஊர்வலம் என்று லீவு போட்டான். சம்பளம் போனது. அதைப் பற்றி அவன் யாரிடமும் புலம்பவில்லை. லைன் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஆட்டோ பிடிக்கிறவன் அவன்தான். போன வருஷம் ரோஸ்மேரியின் புருஷனுக்கு டையிங் பட்டறையில் கை வெந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தவனும் அவன்தான். நல்லவன். கோபக்காரன். அவன் கோபத்துக்கும் காரணம் இருந்தது.

ரோஸ்மேரி மூன்றாம் நாள் டேபிளுக்கு வந்தாள். பைஜாமாவை நீட்டினாள்.

"தம்பிக்கு என்ன வயசு சார்?"

"இருபத்தி மூணு. கடல்ல ஒண்ணும் கிடைக்க இல்ல. ஆர்மியில சம்பளம் நல்லம்."

அதற்குப் பிறகு அவர் போன் அடிக்கும்போதெல்லாம் அவளும் சேர்ந்து திரையைப் பார்க்க ஆரம்பித்தாள். அம்மா என்று வராதவரை ரொஷான் உயிரோடு இருக்கிறான். கணக்கு அவ்வளவுதான்.

*

பிப்ரவரியில் ஒரு நாள். கடைசி லாட்டுக்கு பைனல் இன்ஸ்பெக்ஷன். ஆறுமுகசாமி காங்கேயத்தில் பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார்.

முந்தின நாள் சரவணக்குமார் டீக்கடையில் வாயை விட்டிருந்தான். "எங்க க்யூ.சி. கொழும்புக்காரருங்க, ஒரு தையல் விட்டாலும் பீஸைத் தூக்கி எறிஞ்சுருவாரு." பெருமைக்குத்தான் சொன்னான். டீக்கடையில் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் இருந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மிஷின்கள் ஓட ஆரம்பித்த நேரம். வாட்ச்மேன் கன்னையன் செக்கிங் டேபிளுக்கு ஓடி வந்தார்.

"அம்மிணி, கேட்டுல ஒரே கூட்டமுங்க. நம்ம அயர்ன் ஜெயபாண்டி முன்னால நிக்கறானுங்க. சிங்கள ஆபீசரை வெளிய அனுப்புங்கறாங்க. கையில கட்டையெல்லாம் வெச்சிருக்கறாங்க."

ரோஸ்மேரி முதலாளிக்கு போன் போட்டாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"கேட்டத் தொறந்துறாதீங்க. போலீசுக்கு நான் சொல்றேன். இதா, கெளம்பிட்டேன். ஏம்மிணி, ரிப்போர்ட்ல கையெழுத்து வாங்கியாச்சா?"

கன்னையன் கேட்டைத் திறக்கவில்லை. ஜெயபாண்டி திறந்தான். வேலைக்கு வருகிறவன், பக்கவாட்டுச் சின்னக் கதவின் கொக்கி அவனுக்குத் தெரியும். கூட்டம் உள்ளே வந்தது. தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சரவணக்குமார் சரியாக அந்த நேரம் பார்த்து ஸ்டோர் ரூமுக்கு பட்டன் எண்ணப் போனான்.

ஷெல்டன் ஓடவில்லை. ஓட இடமும் இல்லை. டேபிளுக்கு அடியில் அவருடைய பை இருந்தது. பைக்குள் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் அட்டையில் வாள் பிடித்த இலங்கைச் சிங்கம்.

"இவனா?" என்றார் கறுப்புச் சட்டை.

"இவருதான்" என்றான் ஜெயபாண்டி. இவ்வளவு நாள் சார் சார் என்று சொன்ன பழக்கம், மரியாதை தானாக வந்தது. "சார், நீங்க சிங்களவரா?"

ஷெல்டன் வாயைத் திறப்பதற்குள் ரோஸ்மேரி டேபிளைச் சுற்றி வந்து நடுவில் நின்றாள்.

"ஏ ஜெயபாண்டி, ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? எங்க பெரியம்ம வீட்டு வழி இவிய. வீரபாண்டியன்பட்டணம். பெர்னாண்டோன்னு பேரு வச்சவன் எந்த ஊர்க்காரன்னு தெரியாதா ஒனக்கு?"

"கொழும்புல இருந்து வந்தவன்னு இவுங்க கம்பெனி ஆளே சொல்லிருக்கான்" என்றார் கறுப்புச் சட்டை.

"கொழும்புல வேல பாத்தாவ. அதுல என்ன? எங்கூர்ல பாதிப்பேரு தோணியேறிக் கொழும்புக்குப் போய்ப் பொழச்சவியதான். எங்க தாத்தாவே அங்க கடை வச்சிருந்தாரு."

"பேசச் சொல்லு."

எல்லாரும் ஷெல்டனைப் பார்த்தார்கள். அவர் நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது.

"நான் கடல்கரை ஆள்" என்றார். "அப்பா மீன் பிடிச்ச. நான் இந்த வேலைக்கு வந்த."

"என்னய்யா தமிழ் இது?" கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். "எங்க சேட்டுக் கடைக்காரன் கூட இதவிட நல்லாப் பேசுவான்."

"எங்க கடக்கரையில இப்பிடித்தான் பேசுவாவ. நீ ஒசிலம்பட்டியில கடலக் கண்டியா?" என்றாள் ரோஸ்மேரி, ஜெயபாண்டியைப் பார்த்து. உண்மையில் அவர்கள் கடற்கரையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஜெயபாண்டிக்கு அது தெரியாது.

அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

"நீங்க சொன்னா நான் நம்புறேன்க்கா. இவரு உங்க சொந்தமா?"

"சொந்தந்தான்."

"நீ நம்புவ. நான் நம்பணும்ல?" கறுப்புச் சட்டை டேபிளைத் தட்டினார். "பாஸ்போர்ட்ட எடுக்கச் சொல்லு. கொழும்புக்குப் போய்ட்டு வர்றவன்கிட்ட பாஸ்போர்ட் இருக்குமில்ல? இந்தியான்னு போட்டிருந்தா கால்ல விழுந்துட்டுப் போறோம்."

ஒருவன் குனிந்து டேபிளுக்கு அடியில் கை விட்டான்.

அப்போதுதான் போன் அடித்தது.

டேபிளின் மேல், பைஜாமாக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்த நோக்கியா. அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. திரையில் இங்கிலீஷ் எழுத்தில் அம்மா. அந்த ஒரு சொல் கடலின் இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

ஷெல்டன் திரையைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. எடுத்தால் அந்தப் பக்கமிருந்து சிங்களம் வரும். எடுக்காவிட்டால் ரொஷான் இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருப்பான்.

போன் நின்றது. உடனே மறுபடி அடித்தது.

"அம்மான்னு வருதே. எடுங்க சார்" என்றான் ஜெயபாண்டி.

"பெறகு பேசிக்கிடுவாவ" என்றாள் ரோஸ்மேரி.

"ஏன் பெறகு?" கறுப்புச் சட்டையின் கண் சுருங்கியது. "பெத்த தாய் கூப்பிடுது. எடுக்க ஏன் பயப்படணும்? ஸ்பீக்கர்ல போடுய்யா. என்ன பாஷை பேசுதுன்னு கேப்போம். பாஸ்போர்ட்டே தேவையில்ல."

பைக்குள் கை விட்டவன் பையை விட்டுவிட்டு நிமிர்ந்தான். அவனுக்கும் இது சுவாரசியமாகப் பட்டது.

ஷெல்டன் போனை எடுத்தார். ஸ்பீக்கரை அழுத்தினார். அந்தப் பக்கம் வாய் திறப்பதற்கு முன்னால் தானே முந்திக்கொண்டார். இருபத்தைந்து வருஷமாக அம்மாவிடம் பேசாத பாஷையில்.

"அம்மா, நான் ஷெல்டன். சொல்லுங்க அம்மா."

ஸ்பீக்கரில் காற்றின் இரைச்சல் மட்டும். தூரத்தில் பல பெண்கள் அழுகிற சத்தம். அழுகைக்குப் பாஷை இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"அம்மா..." என்றார் மறுபடி. "சொல்லுங்க."

நீர்கொழும்பில், மூத்த மகன் தமிழில் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு அந்த அம்மா நின்றிருக்க வேண்டும். தன்னைச் சுற்றி யார் நிற்கிறார்களோ அவர்களுக்குத் தகுந்த பாஷையில் பேசுகிற அவசியம் அவளுக்குப் புதிதில்லை. புருஷன் பஸ்ஸில் கற்று வந்த பாடம் அது. திசை மட்டும்தான் மாறியிருந்தது.

"ரொஷான் போயிட்ட மகன்" என்றாள். சுத்தமான நீர்கொழும்புக் கடற்கரைத் தமிழ். "முல்லைத்தீவுல. ஷெல் பட்ட. தம்பி போயிட்ட. நீ வா."

லைன் கட்டானது.

ஷெல்டன் போனை டேபிளில் வைத்தார். ஒரு பைஜாமாவை எடுத்தார். தையலை இழுத்துப் பார்த்தார். மடித்து வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

"தம்பியா சார்?" ஜெயபாண்டியின் குரல் உடைந்தது. "உங்க சொந்தத் தம்பியா?"

ஷெல்டன் தலையாட்டினார்.

"முல்லைத்தீவுலயா இருந்தாரு?"

மறுபடி தலையாட்டினார்.

பிழைக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்து செத்த தமிழ்ப் பையன் என்று மீதியைக் கூட்டம் தானாகவே நிரப்பிக்கொண்டது. கட்டைகள் சுவரோரம் சாய்ந்தன. கறுப்புச் சட்டை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். இதுவரை ஷெல் விழுந்து செத்தவர்களை அவர்கள் சி.டி.யில்தான் பார்த்திருந்தார்கள். இப்போது ஒரு வீட்டிலிருந்து அந்தச் சாவு நேராகக் காதுக்குள் வந்து விழுந்திருந்தது. ஒருத்தன் விம்மினான். கொஞ்சம் முன்னால் சேட்டுக் கடை என்று சிரித்தவன்தான்.

"மன்னிச்சிருங்கய்யா" என்றார் கறுப்புச் சட்டை. கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பிடி ஒரு எழவு வீட்டுல வந்து நின்னுட்டமே."

ஷெல்டன் அப்போதுதான் அழுதார். அவர் எதற்காக அழுகிறார் என்று அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதில் தப்பும் இல்லை.

*

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு அவரைக் கொண்டுபோனது கூட்டத்தின் டாடா சுமோதான். முன்னால் கொடி கட்டி, வழியில் இருந்த மறியல்களையெல்லாம் இவர்களே விலக்கிவிட்டு, பிள்ளையைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனார்கள். பாஸ்போர்ட் இருந்த பையை ஜெயபாண்டி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். திறந்து பார்க்கவில்லை.

ஆறுமுகசாமி காதுகுத்து வேட்டியோடு வந்து சேர்ந்தபோது மிஷின்கள் திரும்ப ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன கண்ணு ஆச்சு?"

ரோஸ்மேரி சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார்.

"பாவமுங்க" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அப்புறம் கேட்டார். "ரிப்போர்ட்டு?"

போட்டிருந்தார். வண்டி ஏறுகிறதற்கு முன்னால் ஷெல்டனே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார். கரடிகள் ஜெர்மனிக்குப் புறப்பட்டன.

*

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஜெயபாண்டி விடவில்லை.

"அக்கா, ஞாயித்துக்கிழம நாலு ரோட்டுல அஞ்சலிக் கூட்டம் போடுறோம். பெரிய ப்ளெக்ஸ். செத்துப்போன சனம் அத்தன பேருக்கும். ஒங்க பெரியம்ம வீட்டுத் தம்பி படத்த நடுவுல போடணும்னு எல்லாரும் சொல்லிட்டாய்ங்க. ஒரு போட்டோ வாங்கிக் குடுங்க."

"அவிய எழவு வீட்டுல இருக்காவ. போட்டோ கேட்டா நல்லாவா இருக்கும்?"

"வேணாம்னு சொன்னா பேரு மட்டும் போட்டுக்குறோம். கேட்டுப் பாருங்க. நம்ம சனம் நாம கும்பிடாம யாரு கும்பிடுவா?"

ரோஸ்மேரி கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கேட்காமல் இருந்தால் ஜெயபாண்டி நேராக ஷெல்டனுக்கே போன் போடுவான். அங்கே சாவு வீட்டில் அந்த போனை யார் எடுப்பார்களோ, எந்தப் பாஷையில் எடுப்பார்களோ. சரவணக்குமாரிடம் சொல்லி அவன் கம்ப்யூட்டரிலிருந்தே ஷெல்டனுக்கு மெயில் அனுப்ப வைத்தாள். ஷெல்டன் மறுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

ரெண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. படத்தோடு. சரவணக்குமார் படித்துச் சொன்னான். சவப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சீல் வைத்து அனுப்பியிருந்தார்களாம். அம்மா முகத்தைப் பார்க்கவில்லையாம். துப்பாக்கி வெடித்து மரியாதை செய்தார்களாம். படம் கேட்கிறார்கள் என்றதும் அம்மாதான் கொடுக்கச் சொன்னாளாம். யார் கும்பிட்டாலும் கும்பிடட்டும் என்றாளாம்.

கடைசியில் ஒரு வரி. தொப்பி இல்லாத படம் இது ஒன்றுதான்.

"இத நாம போடலாமுங்களா?" என்றான் சரவணக்குமார். அவன் முகம் வெளுத்திருந்தது.

"நீ வாயத் தொறக்காம இருந்தா போதும்" என்றாள் ரோஸ்மேரி.

படத்தில் ரொஷான் சிரித்துக்கொண்டிருந்தான். ஷெல்டனின் மூக்கு. மீசை அரும்பியிருந்தது. கழுத்துக்குக் கீழே படத்தை வெட்டியிருந்தார்கள். அவசரத்தில் வெட்டியது. அடியில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை மிச்சம் இருந்தது.

*

ப்ளெக்ஸ் கடை பெருமாநல்லூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில். படத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ரோஸ்மேரியே ஜெயபாண்டியோடு போனாள். தனியாக அவனை விட அவளுக்குப் பயம்.

டிசைன் போடுகிற முனீஸ் படத்தைத் திறந்தான். திரை நிறைய ரொஷான் முகம்.

"லட்சணமான புள்ள" என்றான் ஜெயபாண்டி.

முனீஸ் கறுப்புப் பின்னணி வைத்தான். மேலே எரிகிற மெழுகுவர்த்தி. கீழே 'முல்லைத்தீவு மண்ணில் உயிர் நீத்த ரொஷான் பெர்னாண்டோ'. முகத்தைச் சுற்றி ஒரு ரெடிமேட் மாலையை இழுத்து மாட்டினான். மாலை நெஞ்சுக்கு வந்து நின்றது.

"பெருசு பண்ணுங்க" என்றான் ஜெயபாண்டி.

முனீஸ் பெரிசாக்கினான். முகம் பெரிதானது. அடியிலிருந்த பச்சையும் பெரிதானது. அது ஒரு சட்டைக் காலர். விறைப்பான காலர். தோளோரம் பட்டை ஆரம்பிக்கிற இடமும், அதில் ஒரு பித்தளைப் பட்டனின் விளிம்பும் தெரிந்தன.

ஜெயபாண்டி திரைக்குக் கிட்டே போனான். ரொம்ப நேரம் பார்த்தான்.

ரோஸ்மேரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் இந்தக் கடையிலிருந்து ஒரே ஒரு போன் போட்டால் போதும். லைன் வீடு, வேலை, புருஷன், எல்லாம் இன்று சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். சிங்களப் பட்டாளத்தானுக்கு மாலை போட வைத்தவள் என்கிற பேரோடு அவள் எந்த ஊருக்குப் போவாள்?

"எங்க சித்தப்பா ஒருத்தரு மிலிட்டிரி" என்றான் ஜெயபாண்டி. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "லீவுக்கு வந்தார்னா அவரு சட்டைய நாந்தான் தேய்ப்பேன். இஸ்திரியே நான் அதுலதான் படிச்சேன். காலர் மடிஞ்சா அறைவாரு."

அவன் விரல் திரையில் அந்தக் காலரின் மடிப்பைத் தடவியது.

"பேரு நெசந்தானாக்கா?"

"நெசந்தான்."

"அந்தம்மா அழுதது?"

"அதும் நெசந்தான்."

"ஒங்க சொந்தம்னு சொன்னது?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மறுபடி கேட்கவில்லை.

வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. முனீஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னப்பா, பிரிண்டுக்குக் குடுக்கவா, வேண்டாமா? பின்னால ஒரு பூப்புனித நீராட்டு வெயிட்டிங்."

ஜெயபாண்டி பாக்கெட்டிலிருந்து செல்லை எடுத்தான். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். திரையில் ரொஷான் சிரித்துக்கொண்டே இருந்தான். செல் திரும்பப் பாக்கெட்டுக்குள் போனது.

"மாலையக் கொஞ்சம் மேல ஏத்துங்கண்ணே."

முனீஸ் ஏற்றினான். பட்டன் மறைந்தது, காலர் மறையவில்லை.

"இன்னும்."

"இதுக்கு மேல ஏத்துனா தாடை மறைஞ்சிரும்ப்பா."

"மறையட்டும்" என்றான் ஜெயபாண்டி.